மேடையிலிருந்து செங்கல்லுக்கு

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, படித்த பள்ளிக்கூடத்தின் பிரேயர் மேடையை இஞ்ச் டேப் வைத்து அளந்தேன். வாட்ச்மேன் ஒரு மாதிரி பார்த்தார். மேடையை இடித்துக் கட்ட வந்த கான்ட்ராக்டர் என்று நினைத்திருப்பார். மூன்றடி ஏழு அங்குலம். மெட்ரிக்கில் 109 சென்டிமீட்டர்.

அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே இடது முழங்காலில் ஒரு சுருக்கும். ஏன் என்று சொல்கிறேன்.

1985-ல் நான் ஒன்பதாம் வகுப்பு. சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில், கரிசல் காட்டு ஊர். கோவில்பட்டிக்காரர்களுக்கு ஹாக்கி மட்டை பிறக்கும்போதே கையில் இருக்கும் என்பார்கள், எங்களுக்கு வாலிபால். நான் குட்டையன் என்பதால் வலைக்கு மேலே கை போகாது. என் போன்றவர்களை எகிற வைப்பதற்கு எங்கள் பி.டி. சார் ஒரு வழி வைத்திருந்தார். ஏதோ ஒரு கேம்ப்பில் பார்த்துவிட்டு வந்தது. பிரேயர் மேடையிலிருந்து குதிக்க வேண்டும். கால் தரையில் பட்ட வேகத்திலேயே மறுபடி எகிறி, வேப்பமரக் கிளையில் கட்டித் தொங்கவிட்ட கயிற்று முடிச்சைத் தொட வேண்டும். வெறுங்கால். கீழே சித்திரை மாதத்துக் கரிசல், வெடிப்பு விட்டு, சிமென்ட் மாதிரி கிடக்கும்.

"ஏலே, எண்ணிக்கிட்டே குதிங்கலே. நூறு வரலைன்னா வீட்டுக்குப் போகக் கூடாது."

நூறு குதித்தோம். வாரத்தில் ஆறு நாள் குதித்தோம். ஐம்பதைத் தாண்டினதும் எகிறுகிற ஆட்டம் நின்றுபோய், மூட்டை இறக்குகிற மாதிரி 'தொம் தொம்' என்று விழுவதுதான் நடக்கும். அந்தச் சத்தத்தை யாரும் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. பலமாக இறங்குகிறவன் பலசாலி. மறுநாள் படியேறும்போது தொடையைப் பிடித்துக்கொண்டு ஏறினால் அது பெருமை. போதாததற்கு, நேரங்கழித்து வந்தவனுக்கும் பேட்ஜ் குத்தாதவனுக்கும் தண்டனையாகத் தவளைப் பாய்ச்சல், வாத்து நடை, தோப்புக்கரணம். பயிற்சிக்கும் தண்டனைக்கும் எங்களுக்கு வித்தியாசமே தெரியாது. இரண்டிலும் எண்ணிக்கைதான் இருந்தது.

சாரைக் குறை சொல்லி எழுதவில்லை. எங்களை வைத்து மாவட்ட அளவில் கோப்பை வாங்கினவர். சொந்தக் காசில் நெட் வாங்கிக் கட்டினவர். அவருக்கு வந்து சேர்ந்தது பாதிச் செய்தி. மீதிப் பாதி எங்கே தங்கிப்போனது என்பது எனக்குத் தெரிந்தது முப்பது வருஷம் கழித்துத்தான்.

அந்தப் பயிற்சியின் பிறப்பிடம் மாஸ்கோ. யூரி வெர்கோஷான்ஸ்கி என்று ஒரு பயிற்சியாளர், மும்முறைத் தாண்டுதல் வீரர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர். மும்முறைத் தாண்டுதலில் ஓடி வந்து ஒரு காலில் எகிறி, அதே காலில் இறங்கி, மறுகாலுக்கு மாறி, பிறகு மணலில் விழ வேண்டும். நடுவில் ஒற்றைக் கால் தரையை அடிக்கிற அந்தக் கணத்தில் வரும் விசை உடல் எடையைப்போலப் பத்து மடங்கையும் தாண்டுவதாகப் பின்னால் அளந்திருக்கிறார்கள். அறுபது கிலோ ஆள், ஒரு காலில் அறுநூறு கிலோ. இந்த விசையைத் தாங்கத் தோளில் இரும்பை ஏற்றி உட்கார்ந்து எழுந்தால் முதுகுதான் போகும். உயரத்திலிருந்து இறங்க வைத்து, இறங்கின வேகத்தையே பளுவாக்கினால் என்ன என்று அவர் யோசித்தார். ஐம்பதுகளின் கடைசியில் தொடங்கி அறுபதுகளில் உருப்பெற்ற இந்த முறைக்கு அவர் வைத்த பெயர் 'அதிர்ச்சி முறை'.

அவர் குறித்துக் கொடுத்த உயரங்கள் இரண்டு. வேகத்துக்கு 75 சென்டிமீட்டர், உச்ச பலத்துக்கு 110.

எங்கள் பிரேயர் மேடை 109!

சோவியத் நாட்டின் தேறிய வீரர்களுக்கு, அதுவும் வருஷக்கணக்கில் பளு தூக்கித் தொடையை இறுக்கிக்கொண்டவர்களுக்கு, அந்த மனிதர் எழுதிவைத்த உயரத்திலிருந்து நாங்கள் பதினான்கு வயதில், வெறுங்காலில், காலையில் குடித்த கம்பங்கூழின் தெம்பில் குதித்திருக்கிறோம். அந்த உயரத்திலிருந்து விழுகிறவன் தரையைத் தொடும்போது வேகம் மணிக்குப் பதினேழு கிலோமீட்டருக்குப் பக்கம். சைக்கிளில் போய்ச் சுவரில் மோதுகிற மாதிரி.

வெர்கோஷான்ஸ்கி எழுதிவைத்த இன்னொரு எண்தான் வந்து சேரவில்லை. ஒரு நாளைக்கு மொத்தம் நாற்பது. பத்துப் பத்தாக நான்கு தடவை, நடுவில் நன்றாக ஓய்வு. வாரத்துக்கு இரண்டு நாள். தேறாதவர்களுக்கு இதிலும் குறைவு. இந்த முறையைக் கண்டுபிடித்தவரே அதை மருந்து மாதிரி அளந்து கொடுத்திருக்கிறார். நாங்கள் அதைச் சோறு மாதிரி அள்ளிப் போட்டுக்கொண்டோம்.

நாங்கள் மட்டும் அப்படிச் செய்ததாகச் சொல்ல முடியாது. 1972 மியூனிக் ஒலிம்பிக்ஸில் சோவியத் வீரர் வலேரி போர்சோவ் 100 மீட்டர், 200 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கினார். அமெரிக்கர்களின் சொத்து என்று நினைத்திருந்த ஓட்டங்கள் அவை. சோவியத்காரர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று மேற்கே எல்லோரும் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். ஃப்ரெட் வில்ட் என்ற அமெரிக்கர், பழைய ஒலிம்பிக் ஓட்டக்காரர், எஃப்.பி.ஐ.யில் வேலை பார்த்தவர், 1975-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்தத் துள்ளல்களுக்கு 'பிளையோமெட்ரிக்ஸ்' என்று பெயர் வைத்தார். பெயர் உலகத்தைச் சுற்றி வந்துவிட்டது. அளவு பின்தங்கிவிட்டது.

இதில் இருக்கிற சூட்சுமம் கவட்டை வைத்து ஓணான் அடித்த எவனுக்கும் புரியும். ரப்பரை இழுத்து விட்டால் கல் பறக்கிறது. குதித்து இறங்கும்போது தொடைத் தசையும் கெண்டைக்கால் தசையும் அவற்றின் நாண்களும் அப்படி இழுபடுகின்றன. உடனே எகிறினால் அந்த இழுவிசை திரும்பக் கிடைக்கிறது. ஒரே வித்தியாசம், கவட்டை ரப்பரை இழுத்துப் பிடித்துக்கொண்டு குறி பார்க்கலாம். தசையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றால் விசை சூடாகக் கரைந்து போய்விடும். நம்பாதவர்கள் இப்போதே எழுந்து நின்று பார்க்கலாம். முழங்காலை மடக்கி, மூன்று எண்ணும் வரை அப்படியே நின்று எகிறுங்கள். பிறகு சட்டென்று மடக்கி உடனே எகிறுங்கள். இரண்டாவதில் கொஞ்சம் கூடுதலாகப் போவீர்கள். அதனால் வேகத் துள்ளல்களில் கால் தரையில் படுகிற நேரம் கால் நொடிக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். முழு வேகத்தில் ஓடுகிறவருக்கு அது பத்தில் ஒரு நொடிதான்.

எங்கள் நூறில் கடைசி ஐம்பது எதற்குமே உதவியிருக்காது என்பதும் இதிலிருந்தே தெரிகிறது. களைத்த கால் தரையில் உட்கார்ந்து எழுந்து, பிறகுதான் எகிறும். விசை முழுக்கக் கரைந்துவிடும். மூட்டுக்கு விழுகிற அடி மட்டும் பாக்கி.

இப்போது என் தம்பி மகள் மதுரையில் வாலிபால் பழகுகிறாள். பதினைந்து வயது. ஒரு சனிக்கிழமை காலை அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, அங்கேயே கேலரிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். கோச் முப்பது வயதுகூட ஆகாத பெண். விசில் இருந்தது, ஊதவே இல்லை.

கால் மணி நேரத்துக்கு மேல் வெறும் உடம்பு சூடேற்றல். மெதுவோட்டம், தொடையை முன்னும் பின்னும் வீசுதல், கணுக்காலை மட்டும் வைத்துக்கொண்டு சின்னச் சின்னத் துள்ளல். எங்கள் காலத்தில் இதைச் செய்கிறவனைச் சோம்பேறி என்போம். ஹென்றி ரெபெல்லோவின் கதை தெரிந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டோம். 1948 லண்டன் ஒலிம்பிக்ஸ், மும்முறைத் தாண்டுதல் இறுதிச் சுற்று. இந்தியாவின் ரெபெல்லோவுக்குப் பத்தொன்பது வயது, பதக்கம் வாங்குவார் என்று பேசப்பட்டவர். சூடேற்றிக்கொண்டு ஓடத் தயாராக நின்றவரை, ஒரு பரிசளிப்புக்காக நிறுத்திவைத்தார்கள். லண்டன் குளிர். பரிசளிப்பு முடிந்து கூப்பிட்டதும் மறுபடி உடம்பைச் சூடேற்றாமல் ஓடிவந்து எகிறினார். பின்தொடைத் தசை கிழிந்தது. அவருடைய ஒலிம்பிக்ஸ் அந்த ஒரே தாவலோடு முடிந்துபோனது.

சூடேற்றல் முடிந்ததும் அந்தக் கோச் வரிசையாகச் செங்கல் அடுக்கினாள். மூன்று செங்கல், அதன்மேல் ஒரு பலகை. ஒரு சாண் உயரம் இருக்கும். எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. இதிலிருந்து பாட்டிகூட இறங்குவாளே!

"குதிக்காதீங்க. ஒரு காலை முன்னால வெச்சு சும்மா விழுங்க. எறங்குனதும் சிலை. மூணு எண்ணற வரைக்கும் ஆடக் கூடாது. எனக்குச் சத்தம் கேக்கக் கூடாது."

அவ்வளவுதான் பாடம். எகிறலே கிடையாது. பிள்ளைகள் ஒவ்வொருத்தராக ஏறி இறங்கினார்கள். கோச் எதிரே குத்த வைத்து உட்கார்ந்துகொண்டு அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை, முழங்காலைப் பார்த்தாள். எங்கள் பெண் இறங்கினாள். எனக்கு நன்றாகத்தான் தெரிந்தது. கோச் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"வலது முட்டி உள்ள விழுது பாப்பா. கட்டை விரலைப் பாக்குது. நடு விரலைப் பாக்கணும். இடுப்பைக் கொஞ்சம் பின்னால தள்ளு, நாற்காலியில உக்கார்ற மாதிரி."

மறுபடி. உள்ளே விழுந்தது. மறுபடி. நான்காவது தடவை, முன்பாதம் முதலில் தொட்டு, குதிகால் மெல்லப் படிந்து, கணுக்கால், முழங்கால், இடுப்பு மூன்றும் ஒன்றாக மடங்கி, கண் முன்னால் பார்த்தபடி நின்றாள். பூனை திண்ணையிலிருந்து இறங்கின மாதிரி. சத்தம் வரவில்லை.

முழங்கால் உள்ளே விழுவதில் அப்படியென்ன என்று இடைவேளையில் கேட்டேன். யாரும் இடிக்காமல், தானே குதித்து இறங்கும்போது மூட்டு ஜவ்வு கிழிவது பெரும்பாலும் அந்தக் கோணலில்தான், அதுவும் பையன்களைவிடப் பெண் பிள்ளைகளுக்குக் கூடுதல் என்றாள். கால்பந்துக்காரர்கள் இதற்கென்றே ஒரு பயிற்சி வைத்திருக்கிறார்களாம். தேடிப் பார்த்தேன். ஃபிஃபா 2006-ல் கொண்டுவந்த '11+'. இருபது நிமிஷம், பந்தைத் தொடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது. ஓட்டம், ஒற்றைக்காலில் நிற்றல், துள்ளி இறங்குதல். முழங்காலையும் பாதத்தையும் ஒரே கோட்டில் வைக்கப் பழக்குவது அதில் முக்கியமான வேலை.

கோச்சின் நோட்டையும் வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு பிள்ளை பெயருக்கும் நேரே எண்கள். கால் தரையைத் தொடுகிற ஒவ்வொரு தடவையும் ஒரு 'கான்டாக்ட்'. புதிதாகத் தொடங்குகிறவருக்கு ஒரு நாளைக்கு 80 முதல் 100 வரை, பழகினவருக்கு 120, தேறினவருக்கு 140 என்று அமெரிக்கப் பயிற்சியாளர் சங்கத்தின் கணக்கு ஒன்று இருக்கிறது. இவள் அதையும் குறைத்து 60 போட்டிருந்தாள். அந்த அறுபதில் ஸ்கிப்பிங் மாதிரிச் சின்னத் துள்ளலும் சேர்த்தி. ஒரு நாள் செய்தால் அடுத்த இரண்டு மூன்று நாள் கிடையாது. தசை சீக்கிரம் தேறிவிடும், அதை எலும்போடு கட்டுகிற நாண் மெதுவாகத்தான் தேறும், அதற்கு ரத்த ஓட்டம் குறைவு என்றாள். எனக்கு அதைச் சொல்லவே வேண்டாம்.

எனக்கு வலி வந்தது கல்லூரி இரண்டாம் வருஷத்தில். முழங்கால் சில்லுக்குக் கீழே, இரண்டு விரல் வைக்கிற இடத்தில். குதித்தால் வலிக்கும், சூடானதும் மறைந்துவிடும், மறுநாள் காலையில் கூடுதலாக வரும். மறைந்துவிடுகிறதே என்று தொடர்ந்து குதித்தேன். அயோடெக்ஸ், பிறகு சுளுக்கு வழிக்கிறவர், பிறகு ஒரு ஊசி. அதற்கு 'ஜம்பர்ஸ் நீ' என்று ஒரு பெயர் இருப்பதும், என்னைப் போன்றவர்களுக்கு அது தொழில்நோய் மாதிரி என்பதும் தெரியாது. நார்வேயில் உயர்மட்ட விளையாட்டு வீரர்களைச் சோதித்து 2005-ல் வெளியிட்ட ஆய்வில், வாலிபால் ஆடுகிறவர்களில் நூற்றுக்கு நாற்பத்தைந்து பேருக்கு இந்த வலி இருந்தது. சூடேறினதும் மறைகிற வலிதான் ஏமாற்றுக்கார வலி. அந்த அறிகுறி வந்த வாரமே துள்ளலைக் குறைத்திருந்தால் இன்றைக்கு நான் சம்மணம் போட்டுச் சாப்பிடுவேன்.

'அன்று முட்டாள்தனம், இன்று விஞ்ஞானம்' என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். ஆனால் ஒரு விஷயம் இடிக்கிறது. அந்த மேடையிலிருந்து அத்தனை பேர் அத்தனை மாதம் குதித்தோம். மூட்டு ஜவ்வு கிழிந்து யாரும் விழுந்ததில்லை. யோசித்தால் காரணம் பிடிபடுகிறது. ஒன்பதாம் வகுப்புக்கு வருவதற்குள் நாங்கள் பல ஆயிரம் தடவை குதித்து முடித்திருந்தோம். நொண்டி ஆடினோம், அக்காமாரோடு பாண்டி ஆடினோம், பச்சைக்குதிரை தாண்டினோம், கிணற்று மேட்டிலிருந்து தண்ணீருக்குள் பாய்ந்தோம், வைக்கோல் படப்பிலிருந்து உருண்டோம். பாண்டியில் ஒற்றைக்காலில் கட்டம் தாண்டி, கோட்டை மிதிக்காமல் நிற்பது என்பது அந்தக் கோச் 'சிலை' என்று சொன்னதேதான். சிறுபிள்ளைகளுக்கு இந்தப் பயிற்சியே கூடாது, எலும்பு வளர்ச்சி கெடும் என்று ஒரு காலத்தில் சொல்லிவந்தார்கள். இப்போது அளவோடு, வயதுக்கேற்ப, சொல்லிக்கொடுத்துச் செய்தால் நல்லது என்கிறார்கள். பாண்டி ஆடின எந்தப் பெண்ணும் அதற்கு முன்பே சாட்சி.

இன்றைய பிள்ளைகளுக்கு அந்த அடித்தளம் இல்லை. மாடி வீடு, வேன், டியூஷன். பெரியவர்கள் நிலைமை இன்னும் மோசம். என் தெருவில் ஒரு ஜிம் இருக்கிறது. பத்து வருஷம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் ஜனவரி முதல் தேதி சேர்ந்து, முதல் வாரமே முப்பது அங்குல மரப்பெட்டி மேல் எகிறுகிறார். ஒருவர் வீடியோ எடுக்கிறார். வீடியோவில் பெரிய தாவலாகத் தெரிவதில் பாதி, முழங்காலை நெஞ்சுவரை மடக்கிக்கொள்கிற வித்தைதான். இடுப்பு உண்மையில் ஒரு சாண்தான் மேலே போயிருக்கும். பாதம் விளிம்பில் வழுக்கினால் முன்கால் எலும்பு நெடுகத் தோல் உரிந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு ஒன்பது தையல். அதைவிட, ஏறினவர் அப்படியே பின்பக்கமாகக் கீழே குதிப்பதுதான் எனக்கு அடிவயிற்றைக் கலக்குகிறது. பெட்டி மேல் எகிறுவதில் இருக்கிற லாபமே, இறங்குகிற அடி இல்லாமல் எகிறிப் பழகலாம் என்பது. ஏறினால் ஒவ்வொரு காலாக வைத்து நடந்து இறங்க வேண்டும். குதித்து இறங்கினால் அந்த லாபம் போச்சு. நூறு கிலோவுக்கு மேல் எடை உள்ளவர் ஒன்றரை அடிக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து குதித்திறங்கும் பயிற்சியே செய்யக் கூடாது என்று பயிற்சி நூல்களில் இருக்கிறது. எங்கள் ஜிம்மில் எடை பார்க்கும் மெஷின் வாசலிலேயே இருக்கிறது. எடை எவ்வளவு என்று ஒருவரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

அளப்பது மட்டும் ரொம்ப மாறிவிட்டது. நாங்கள் விரலில் சாக்பீஸ் பொடி தடவிக்கொண்டு சுவர் ஓரம் நின்று எகிறுவோம். சுவரில் பதிந்த இரண்டு கோட்டுக்கும் நடுவே ஸ்கேல் வைப்பார் சார். அமெரிக்கரான டட்லி சார்ஜென்ட் 1921-ல் எழுதிவைத்த செங்குத்துத் தாவல் சோதனைக்கு அது ஒன்றுவிட்ட தம்பி. மதுரைக் கோச் செல்போனைத் தரையில் சாய்த்து வைத்து ஸ்லோமோஷனில் எடுக்கிறாள். கால் கிளம்பின கணத்துக்கும் இறங்கின கணத்துக்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று பார்த்தால் போதும். காற்றில் அரை நொடி இருந்தால் தாவல் முப்பது சென்டிமீட்டர். அவள் அதைப் பெருமைக்கு வைத்துக்கொள்ளவில்லை, நிறுத்துவதற்கு வைத்துக்கொள்கிறாள். தாவல் வழக்கத்தைவிடக் குறையத் தொடங்கினால் அந்தப் பிள்ளைக்கு அன்றைக்கு அவ்வளவுதான், வீட்டுக்குப் போகலாம். நூறு வராவிட்டால் வீட்டுக்குப் போகக் கூடாது என்று கேட்டு வளர்ந்த காதுக்கு அது விசித்திரமாக இருந்தது.

இந்த எச்சரிக்கையெல்லாம் ஆளைக் கோழையாக்கிவிடும் என்று என் பழைய சகா ஒருவன் போனில் சொன்னான். அவனுக்கு நான் இரண்டு எண்களைச் சொன்னேன். 2023-ல் தமிழ்நாட்டுப் பையன் ஜெஸ்வின் ஆல்ட்ரின் நீளம் தாண்டுதலில் 8.42 மீட்டர், அதே வருஷம் ஹவானாவில் இன்னொரு தமிழ்நாட்டுப் பையன் பிரவீன் சித்திரவேல் மும்முறைத் தாண்டுதலில் 17.37. இரண்டுமே தேசிய சாதனையாகப் பதிவானவை. அளந்து பழகினவர்கள் தாண்டின தூரம் இது. அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நம்ம சாருக்கு ஒரு நல்ல புஸ்தகம் கெடைச்சிருந்தா…" என்றான். அது எனக்கும் தோன்றியதுதான்.

அன்றைக்கு மதுரையில் பயிற்சி முடிந்து வீட்டுக்குக் கிளம்பினோம். கேலரியில் பதினாறு படி. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நான் முன்னால் இறங்கினேன், அவள் பையோடு பின்னால் வந்தாள். பாதி தூரம் வந்ததும் நின்றுவிட்டாள்.

"பெரியப்பா."

"என்னம்மா?"

"தொம் தொம்னு எறங்குறீங்க. இடது முட்டி உள்ள விழுது."

"வயசாயிருச்சு தாயி."

"அதெல்லாம் இல்ல. நில்லுங்க. ஒரு படி மேல ஏறுங்க. இப்ப மெதுவா எறங்குங்க, எனக்குச் சத்தம் கேக்கக் கூடாது."

ஏறி, மறுபடி இறங்கினேன். கேட்டது என்றாள்.